கோணலாக அடித்த இருபது கொப்பிகள்

மூன்று மாதத்துக்கு முன் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் என் மச்சாள் சுகந்தி. மனைவியின் தங்கை, கிங்ஸ்பரியில் இருக்கிறாள். மறுபக்கம் மரியதாஸ் அண்ணை. பிரின்டிங் கடை வைத்திருப்பவர், என் இருபது வருடச் சிநேகிதர். நடுவில் நான். அவளை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போன புண்ணியவான் நான்தானே... வேறு எங்கே நிற்பது?

சண்டைக்குக் காரணம் இரண்டு பக்கக் கடதாசி.

அமெரிக்காவில் ஒரு குழு இருக்கிறது. மொத்தம் இருபது பேர். ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதை இரண்டு பக்கம் எழுதி, இருபது கொப்பி எடுத்து, ஒஹாயோவில் இருக்கும் ஒரு பெண்மணிக்குத் தபாலில் அனுப்பவேண்டும். அவர் ஒவ்வொருவருடையதிலும் ஒன்று எடுத்து அடுக்கி, ஸ்டேப்ளர் அடித்து, இருபது பேருக்கும் திருப்பி அனுப்புவார். அதுதான் பத்திரிகை! ஆசிரியர் கிடையாது. எழுதுகிறவர்கள்தான் வாசகர்கள். குறித்த திகதிக்குள் பக்கம் போய்ச் சேராவிட்டால் பெயர் வெட்டு. சுகந்தி ஒன்றரை வருடம் வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்று இடம் பிடித்திருந்தாள். இது அவளுடைய முதல் பக்கம்.

“இந்தக் காலத்தில இதென்ன விசர் வேலை?” என்றுதான் நானும் கேட்டேன்.

“வட்ஸ்அப்பில எழுதினா கிங்ஸ்பரி முழுக்கப் போகும், அத்தான். இது இருபது பேரோட நிக்கும்” என்றாள்.

எனக்கு ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்தால் லேசில் விடாது. இரண்டு நாள் உட்கார்ந்து தேடி வாசித்தேன். அட, இது பெரிய கதை!

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே வீட்டு மேசையில் வைத்து அடிக்கும் குட்டி அச்சு மெஷின் வந்துவிட்டதாம். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு பத்திரிகை போட்டு மாறி மாறி அனுப்பினார்கள். பிறகு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் வாக்கில், விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகள் வாசகர் கடிதங்களை முழு விலாசத்தோடு வெளியிட்டன. பார்த்தார்கள் வாசகர்கள் — ஓகோ, நம்மைப்போல இன்னொரு பைத்தியமும் இருக்கிறதா! — ஆசிரியரை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே எழுதத் தொடங்கினார்கள். அப்படியே சொந்தமாகப் பத்திரிகையும் போட்டார்கள். ஃபான், அதாவது ரசிகர், போட்ட மகசீன் என்பதால் ‘ஃபான்சீன்’. பின்னால் சுருங்கி வெறும் ‘சீன்’. அடித்தது எதில் தெரியுமா? எங்கள் பள்ளிக்கூடங்களில் சோதனைப் பேப்பர் அடித்த அதே ரோனியோ மாதிரி மெஷினில். கையெல்லாம் மை.

அவற்றில் சிலவற்றுக்கு விலைக்குப் பதிலாக, ‘வழமைபோல’ என்று போட்டிருப்பார்களாம். என்ன வழமை? நீயும் ஒன்று போட்டு அனுப்பு... இல்லாவிட்டால் வாசித்துவிட்டுக் கடிதமாவது எழுது. சும்மா வாசித்துவிட்டு நழுவுகிற ஆளுக்கு அங்கே இடமில்லை!

பிறகு ஃபோட்டோகொப்பி வந்தது. பாட்டு வெறியர்கள் பிடித்துக்கொண்டார்கள். பொஸ் வீட்டுக்குப் போனதும் ஆபீஸ் மெஷினில் களவாக அடித்தார்களாம். தொண்ணூறுகளில் இளம் பெண்கள், தாய்க்கும் சொல்லாததை எழுதி, வெட்டி, ஒட்டி, முன்பின் தெரியாத பெண்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். பெரும்பாலும் யாரும் அழகுக்காக மெனக்கெடவில்லை. கோணல், கறை, அடித்தல், திருத்தல்... எல்லாம் அப்படியே.

இனிச் சண்டைக்கு வருகிறேன்.

சுகந்தி கொப்பி எடுக்க நினைத்திருந்த லைப்ரரி மெஷின் பழுது. தபாலில் போட இரண்டு நாள்தான் இருந்தது. “என்னட்ட ஆள் இருக்கு” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சுகந்தியின் கையெழுத்துப் பக்கங்களை மரியதாஸ் அண்ணையிடம் ஒப்படைத்தேன்.

அண்ணை லேசுப்பட்ட ஆள் இல்லை. நம் சனத்தின் கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாளில் போடும் நினைவு மலர் என்று அவர் கை படாதது குறைவு. அதிலும் நினைவு மலரில் அவர் கைவண்ணமே தனி. கோபித்துக்கொண்டு போன மருமகனின் பெயரையும் சேர்ப்பார். வழக்குப் போட்ட தம்பியைப் ‘பாசமிகு சகோதரன்’ ஆக்குவார். சனம் பார்க்குமே!

அடுத்த நாள் போனோம். பளபளக்கும் தாளில் இருபது கொப்பி தயார். சுகந்தியின் கையெழுத்தைக் காணோம். எல்லாம் டைப் அடித்து, சுற்றிவர மல்லிகைப்பூ போர்டர். உச்சியில் ஒரு குத்துவிளக்கு!

சுகந்தி வாசித்தாள். முகம் மாறியது.

“அண்ணை, இதில ஒரு பந்தி இல்லை.”

“ஓம் பிள்ளை. நான்தான் எடுத்தனான்.”

“ஏன்?”

“அது... அச்சில போடுற விஷயமில்லை. நாளைக்கு ஆரும் பார்த்தால் உனக்குத்தானே கூடாது?”

அந்தப் பந்தியை நான் ஏற்கெனவே வாசித்திருந்தேன். சுகந்தியின் கணவர் வேலை விஷயமாகக் கனடாவில் இருக்கிறார் என்பதுதான் கிங்ஸ்பரிக்குத் தெரிந்த கதை. கோயிலில் கேட்டால் கனடா. பேர்த்டே பார்ட்டியில் கேட்டால் கனடா. ஐந்து வருடமாக நானும் என் மனைவியும்கூட வெட்கமில்லாமல் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தோம். சுகந்தி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இதுதான்: ‘என் கணவர் கனடாவில் இல்லை. இதே லண்டனில், குரொய்டனில் இருக்கிறார். எங்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. அதில் எனக்குக் கவலை இல்லை. பொய் சொல்லித்தான் களைத்துப்போனேன்.’

இதை எழுதத்தான் ஒன்றரை வருடம் காத்திருந்தாள். அண்ணை அதை எடுத்துவிட்டுக் குத்துவிளக்கு வைத்திருக்கிறார்!

“நான் என்ன, உங்களிட்ட வடிவே கேட்டனான், அண்ணை?” என்றாள். “அஞ்சு வருசமா ஆர் கேட்டாலும் பொய். ஒரு இருபது பேருக்கு உண்மை சொல்லுவம் எண்டால், அதையும் நீங்கள் வெட்டுறியள்!”

கலியாணக் காட் பார்க்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அண்ணை மேசை லாச்சியைத் திறந்து, அவளுடைய கையெழுத்துப் பக்கங்களை எடுத்தார். நல்லவேளை, எறிந்திருக்கவில்லை. ஃபோட்டோகொப்பி மெஷினில் வைத்தார்.

“கோணலா விழும், பிள்ளை.”

“கோணலாவே விழட்டும்.”

கொப்பிகள் கோணலாகவே வந்து விழுந்தன. கடைசித் தாளை அடுக்கும்போது அண்ணை மெல்லச் சொன்னார்: “எங்கட மூத்தவளின்ர மனுசனும் கனடாவில எண்டுதான் சொல்லுறனாங்கள்.”

சுகந்தியின் கோபம் எங்கே போனதோ! “அவ சுகமா இருக்கிறாவே, அண்ணை?”

“தெரியாது பிள்ளை. நாங்கள் கேக்கிறேல்லை.”

 கவரை ஒட்டி, அன்றே தபாலில் போட்டோம்.

முதல் சுற்றில் அவளுடைய பக்கம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. போன செவ்வாய்க்கிழமை ஒஹாயோவிலிருந்து அடுத்த சுற்றின் தடித்த பார்சல் வந்தது. பதில்கள்! பத்தொன்பது பேரும் தங்கள் பக்கங்களில் சுகந்திக்கு எழுதியிருந்தார்கள். ரிட்டையர் ஆன ஒரு பஸ் டிரைவர் அம்மா, தன் வீட்டில் அந்தப் பொய்க்கு ‘டெக்சாஸ்’ என்று பெயர் என்று எழுதியிருந்தார். இன்னொருவருக்குக் குரொய்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டுமாம். சுகந்தி ஒவ்வொன்றாக எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். சிரித்தாள், கொஞ்சம் அழுதாள், திரும்பச் சிரித்தாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறாமைதான், மறைப்பானேன்? வாராவாரம் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். எனக்கு வருகிற கடிதமெல்லாம் அச்சுப்பிழையைச் சுட்டிக்காட்டுவதுதான்! யோசித்துப் பார்த்தால் நானும் அண்ணையின் கட்சிதான். ஒருவர் மனமும் கோணாமல், நாலு பக்கமும் போர்டர் கட்டி எழுதுகிறேன். அதற்கு யார் என்ன பதில் எழுதுவார்கள்?

சரி, ஒரு தடவை உள்ளதை எழுதிப் பார்ப்போமே என்று அண்ணையிடம் போனில் கேட்டேன். “எழுது... என்ர பேரை மட்டும் மாத்திப் போடு” என்றார். மாற்றியிருக்கிறேன், கடையைத் தேடி அலையாதீர்கள். போனை வைக்கப் போனவர், “மகளோட போன கிழமை கதைச்சனான். அதையும் போடு” என்றார்.

சுகந்தியிடமும் கேட்டேன். “பயப்பிடாதை, உன்ர பேரையும் மாத்திறன்.”

“ஏன் அத்தான், நான் என்ன களவே எடுத்தனான்? பேரைப் போடுங்கோ.”

போட்டுவிட்டேன்.