டிலானி திருத்திய வரிகள்

செவ்வாய்க்கிழமை காலை, கொக்குவிலில் எங்கள் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது டிலானியின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, அக்கா போயிட்டா," என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். அப்படி ஒரு மடையன் நான். காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு எடுத்தவர், அவ்வளவுதான். முப்பத்தாறு வயது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவருடைய பொறுமையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குருநகரிலிருந்து சைக்கிளில் வருவார், வந்த கையோடு யன்னல்களைத் திறந்துவிட்டு வேலையில் இருப்பார். ஒருவரோடும் சண்டை பிடித்ததில்லை. அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டேன். அதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் நோயாளர் பதிவுகளை நாங்கள் பராமரித்து வந்தோம். தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய அன்று பாதித் திரைகள் வேலை செய்யவில்லை. எழுத்தாகப் பதிந்த நோயாளர் அட்டை இலக்கத்தை ஓர் எண்ணோடு ஒப்பிடச் சொன்னால், பழைய பதிப்பு கேட்காமலே அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும். புதியதோ, எதை எதுவாக மாற்றுவது என்று நீங்களே எழுதுங்கள் என்று அடம்பிடித்து நின்றது. எனக்கு விசர் பிடித்தது. பழையபடி தானாக மாற்றவைக்கும் குறுக்குவழி ஒன்றை அரை மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன்.

டிலானி அதைப் போட விடவில்லை. "இவ்வளவு நாளும் அது தானே ஒண்டை நினைச்சுத் தந்தது, அண்ணை. இப்பதான் எங்களைக் கேக்குது. ஒவ்வொண்டாய்ப் பாத்துச் சொல்லுவம்," என்றார். எல்லோருக்கும் முன்னால் நான் கத்தினேன்: "வேலை தெரியாட்டி வீட்டை போய் இரும்." அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நிரலின் முதல் வரியைத் திருத்தத் தொடங்கினார்.

மூன்று கிழமை எடுத்தது. பருத்தித்துறைக் கிளையின் அட்டைகளுக்கு அடையாளமாக முன்னால் ஒரு பூச்சியம் போடுவது அந்த நிலையத்தின் வழக்கம். எண்ணாக மாறும்போது அந்தப் பூச்சியம் விழுந்துவிடும். அதனால் 0417ஆம் அட்டைக்காரப் பெண்ணுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு, மானிப்பாய்க் கிளையில் 417ஆம் அட்டை வைத்திருந்த ஒரு ஐயாவின் பதிவில் போய் இருந்தது. டிலானி அதைக் கண்ட உடனேயே பருத்தித்துறைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். என் குறுக்குவழியைப் போட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

நிலையத்தார் பாராட்ட வந்தபோது, "அண்ணையும் நானும் சேந்து செய்தது," என்றார். நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், நத்தார்ப் பண்டிகைக்கு அவர் வீட்டுக்குப் போகும்போது கேட்கலாம் என்று இரண்டு வருடம் போய்விட்டது.

செத்த வீட்டில் அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பற்றி ஒரு குறையும் அவள் சொன்னதில்லை, தம்பி," என்று அழுதார். அதற்குப் பிறகு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

நேற்று அவருடைய கோப்புகளைத் திறந்தேன். ஒருவர் திருத்திய வரியை இன்னொருவர் சரிபார்த்துத் தன் பெயரை எழுதுவது எங்கள் அலுவலக முறை. கோபத்தில் நான் அன்று ஒன்றையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வரியின் கீழும், "பார்க்க வேண்டியவர்: அண்ணை" என்று எழுதி, என் பெயருக்கு இடம் விட்டு வைத்திருந்தார். இரண்டு வருடமாக அவர் அதை ஒருமுறைகூட எனக்கு நினைவூட்டவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த இடங்கள்தான். முதலாவதிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். இதுவரை நாற்பது வரிகள் பார்த்தாயிற்று. ஒரு பிழையும் இல்லை, டிலானி. பிழை விட்டது நான்தான்.