ஊதக் கூடாத மெழுகுவத்தி

மெழுகுவத்தி செய்வது சுலபம். விற்ற பிறகு தூங்குவதுதான் கஷ்டம். என் வீட்டுக்காரருக்கு மில் வேலை போனதிலிருந்து இலுப்பூரில் வீட்டிலேயே உருக்கி ஊற்றுகிறேன். கான்வென்டில் கன்னியர் கற்றுக்கொடுத்த ஒரே கைத்தொழில். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்போடு மல்லுக்கட்டுகிற தாய்மார்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

தோசைக்கல்

மெழுகை நேராகத் தீயில் வைக்கக் கூடாது. அகன்ற சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் வைத்த பாத்திரத்தில்தான் உருக வேண்டும். என் மாமியாருக்கு அது விறகுக்குப் பிடித்த கேடு. நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது பாத்திரத்தை எடுத்து நேராக அடுப்பில் ஏற்றிவிட்டார். புகைந்தது, குபீரென்று பற்றியது. அவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். எரிகிற மெழுகில் தண்ணீர் பட்டால் தீ கூரைக்கே பாயும். பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு ஓடி, குடத்தைத் தட்டிவிட்டு, தோசைக்கல்லால் பாத்திரத்தை மூடினேன். தீ அடங்கியது. குடம் உடைந்தது.

"தீயில தண்ணி ஊத்தக் கூடாதுன்னு எந்த ஊர்லடி சொன்னாங்க? நல்ல குடம் போச்சே!" என்றார்.

சீட்டு

அன்றிலிருந்து ஒவ்வொரு மெழுகுவத்திக் கட்டுக்குள்ளும் ஒரு சீட்டு எழுதி வைத்தேன். தட்டில் நிறுத்துங்கள், துணிப்பக்கம் வேண்டாம், எழுந்து போனால் ஊதி அணைத்துவிட்டுப் போங்கள். ஒரு வாரம் கழித்து, என் சரக்கை விற்கிற கடைக்காரரிடமே கடலை வாங்கினேன். பொட்டலத்தில் என் கையெழுத்து!

"தீப்பிடிக்கும்னு நீங்களே எழுதிக் குடுத்தா யாரும்மா வாங்குவாங்க? தாளு நல்லாருந்துச்சு, அதான் வீணாக்கல."

பெட்டி

பக்கத்துத் தெரு வள்ளியக்கா என் மெழுகுவத்தியைத் துணிப்பெட்டி மேலேயே ஒட்டிவைத்து, அடிவரை எரியவிட்டிருக்கிறார். மர மூடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. உள்ளே கல்யாணச் சேலை எப்படித் தப்பியதோ. "ஊதியிருக்கலாமே அக்கா" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வெளக்க வாயால ஊதுறதா? குடும்பத்துக்கு ஆகாதும்மா. பெட்டிதானே, போகட்டும்."

பூ

விளக்கு வைக்கிற நேரம். கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கி வருகிறேன். வாசலிலேயே கருகிய வாடை. பிள்ளை தூங்கிய தூளிக்குப் பக்கத்தில் முக்காலி, அதன்மேல் நான் செய்த மெழுகுவத்தி, தூளிச் சேலையின் தொங்கலில் தீ. பிள்ளையை உருவி எடுத்துவிட்டுக் குடத்தோடு தண்ணீரை ஊற்றினேன். துணிக்குத் தண்ணீர் ஊற்றலாம். சின்னப் பாதத்தில் ஒரு கொப்புளம். அவள் வீறிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கொல்லையிலிருந்து மாமியார் வந்தார், கையில் ஒற்றைச் செம்பருத்தியோடு. எங்கள் வீட்டில் விளக்கை ஊதி அணைக்க மாட்டார்கள், பூவால்தான் அமர்த்துவார்கள்.

"பிள்ள தூங்கிடுச்சேன்னு அமத்தத்தானே பூப் பறிக்கப் போனேன்! வேலிகிட்ட ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள என்னடி அவசரம் ஒன் மெழுகுவத்திக்கு?"

கொப்புளம் ஆறிவிட்டது, இப்போதெல்லாம் கட்டுக்குள் சீட்டுக்குப் பதிலாக ஒரு பூவைச் செருகி அனுப்புகிறேன், அதில் மட்டும் யாராலும் கடலை மடிக்க முடியாது.