துணி நகையும் மரத்த விரலும்

ஊசி சுண்டுவிரலில் ஏறி நின்றது எனக்குத் தெரியவில்லை. வெள்ளை நூலில் சிவப்பு பரவிய பிறகுதான் பார்த்தேன். வலியே இல்லை. தைத்துக்கொண்டிருந்த துணிப்பூ பாழாய்ப் போயிற்றே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் போடியில் நான் துணியால் நகை செய்துகொண்டிருந்தேன். தையற்கடைத் துண்டுகளை உருட்டி, நூல் சுற்றி, மணியாகக் கோப்பேன். தேரில் தொங்கும் குஞ்சம், மலைச்சனங்களின் விதைமாலை, ஏலச்செடியின் அடியில் பூக்கும் ஊதாக்கோடு போட்ட வெள்ளைப் பூ எல்லாம் அதில் வரும்.

வலது முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய தேமல் இருந்தது. பார்த்தவர்களெல்லாம் வைத்தியர்களானார்கள். அவர்கள் சொன்னதைப் பூசிப் பூசியே ஒரு மழைக்காலம் போயிற்று. இப்படித் தேமல் கண்டால் நீங்கள் காத்திருக்காதீர்கள்.

கடைசியில் ரயிலேறி மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் கையைத் தொட்டார். எங்கே தொட்டார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு முழங்கை நரம்பை அழுத்தினார். அது கயிறுபோல் தடித்திருந்தது. நோயின் பெயரை என் கணவர் செல்வராசிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“நோவு எனக்குத்தானே, எங்கிட்டச் சொல்லுங்கய்யா” என்றேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “தொழுநோய்மா. மருந்து இருக்கு. ஆனா வருசக்கணக்கா சாப்பிடணும், நடுவுல நிறுத்தக் கூடாது.”

சல்போன் மாத்திரை (நோய்க்கிருமியை அடக்கும் மருந்து) தொடங்கியது. சில மாதங்களில் காய்ச்சலும், தோலில் வீக்கமும், நரம்பில் தாங்க முடியாத வலியும் வந்தன. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் நிறுத்தச் சொன்னார்கள். அது எதிர்வினை (நோய்க்கிருமியோடு உடம்பு மோதும்போது வரும் வீக்கம்) என்று டாக்டர் விளக்கினார்; மாத்திரையை நிறுத்தாமல் தொடர்ந்தேன். மரத்துப்போன கை இப்படி வலிக்குமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டில் என் தட்டு தனியாயிற்று. தேவையில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“எதுக்கும் இருக்கட்டுமே, எங்க ஆத்தா மனசு சமாதானமாகட்டும்” என்றார் செல்வராசு.

“அப்ப எம் மனசு?” என்றேன். அவர் ஏலக்காய்க் கிட்டங்கியில் (கிடங்கில்) சோலி இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

ஏலக்காய் வியாபாரி வீட்டு ஸ்டெல்லா அக்கா, தன் மகள் கல்யாணத்துக்கு என்னிடம் மாலை வாங்கியிருந்தார். என் நோய்ச் செய்தி தெரிந்ததும் அதைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

“இந்தா பாரு, சாயமெல்லாம் போயிருச்சு. என்ன நூலு போட்ட?”

“என்னக்கா பண்ணீக?”

“கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தேன். கிருமி போகணும்ல?”

“துணிய அவிச்சா சாயம் போகாம என்னக்கா பண்ணும்?”

“ஒழுங்கான நூலா இருந்தா நிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிறகு வெகுநாள் யாரும் என்னிடம் நகை கேட்கவில்லை. ஆனாலும் நான் செய்வதை விடவில்லை. வலக்கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்கிக்கொண்டதால் நூல் சுற்ற இடக்கையைப் பழக்கினேன். அது சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை. சுற்றியதைப் பிரித்தேன்; மறுபடி சுற்றினேன்.

சில ஆண்டுகள் கழித்து, தோல் பரிசோதனையில் கிருமி இல்லை என்றார் டாக்டர்.

“விரலுக்கு எப்பய்யா உணர்ச்சி வரும்?”

“செத்த நரம்பு திரும்பாதும்மா. இருக்கிறதக் காப்பாத்திக்கங்க.”

வீட்டிலோ, குணமாகிவிட்டதே, இன்னும் ஏன் இத்தனை மெதுவாகச் செய்கிறாய் என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. அடுப்பிலிருந்து எதை எடுத்தாலும் முதலில் கையைப் பார்க்க வேண்டும். ஒரு பூ முடிய ஒரு காலை முழுதும் ஆகிறது. உங்களிடமும் “வெரசா, வெரசா” என்பார்கள், காதில் வாங்காதீர்கள்.

துணி மிருதுவா சொரசொரப்பா என்று என் விரல் இப்போது சொல்வதில்லை. முடித்த மணியை உதட்டில் உருட்டிப் பார்க்கிறேன். உதடு நன்றாகவே சொல்கிறது, விரலைவிடத் துல்லியமாக. பிசிறு தட்டினால் பிரித்துவிட்டு மீண்டும் சுற்றத் தொடங்குகிறேன். அதற்குள் மலையில் வெயில் இறங்கிவிடுகிறது. இறங்கட்டும்.