பால்காரம்மாவின் வலப்பக்கம்

எண்பதுகளில் ராஜபாளையத்தில் குடியிருந்தபோது எங்களுக்குப் பால் ஊற்றிய அம்மாள் நெடுநெடுவென்று இருப்பார். யாருக்கோ வழிவிடுவதுபோல எப்போதும் ஓரமாக ஒதுங்கியே நடப்பார்.

எங்கள் பூனைக்குட்டி யார் வந்தாலும் கணுக்காலைக் கவ்விப் பிறாண்டும். மில் கழிவு நூலை உருண்டையாகச் சுற்றி எறிந்துதான் அதைத் திசைதிருப்புவோம். அந்த அம்மாளின் காலை மட்டும் அது தொட்டதே இல்லை. அவருக்கு வலப்பக்கம் வெறும் தரையில் பாய்ந்து, எதையோ கட்டிப்பிடித்துக் கடிக்கும்.

ஒருநாள் காலையில் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "அங்க என்னம்மா இருக்கு, இப்பிடிப் பாயுது?"

"கால உதறாதீய. செத்த நேரம் அசையாம நில்லுங்க, தானா விட்டுரும்" என்றார்.

அதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் முகம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. குட்டியும் உடனே விட்டுவிட்டது.

அதன்பிறகு பால் வாங்கும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நிற்கப் பழகிக்கொண்டேன்.