புள்ளி விழாத சந்து

பொம்மனஹள்ளியில் டெங்கு வந்தவர்களின் வீடுகளைத் தெரிந்தே தவறான இடத்தில் குறித்தவன் நான். ஓய்வு பெறும்வரை என் வேலை அதுதான்: நோயாளிகளின் முகவரிகளைக் கணினி வரைபடத்தில் புள்ளிகளாக வைப்பது. புள்ளிகள் கூடும் தெருவுக்குக் கொசு மருந்து வண்டி போகும். ‘கார்மென்ட்ஸ் பின்னாடி, மூணாவது ஷீட் வீடு’ என்பது போன்ற கதவு எண் இல்லாத முகவரிகளை மென்பொருள் ஏற்காது. நேரில் போய்ப் பார்க்கச் சோம்பி, அவற்றையெல்லாம் சுகாதார நிலையத்தின் மேலேயே வைத்தேன். இரண்டு மழைக்காலம் வண்டி அந்தக் கட்டடத்தையே சுற்றியது. ஷீட் வீட்டுச் சந்தில் செல்வி என்பவரின் கணவர் டெங்குவில் இறந்தார். ஓய்வுக்குப் பின் பழைய படிவங்களைப் புரட்டி, அந்த இறப்பைக் கண்ட பிறகுதான் கிளம்பினேன்.

ஞாயிறு காலை 8.10. அல்சூர் ஏரி முனையில் ஆட்டோ. பதினோரு கிலோமீட்டருக்கு முந்நூறு ரூபாய்.

“அந்தச் சந்து மேப்புல வராது சார். எறங்கிக் கேட்டுக்கலாம்” என்றார் ஓட்டுநர். டீக்கடையில் கேட்டார். இரண்டு நிமிடத்தில் சந்து வந்துவிட்டது.

9.05. தகரக் கூரை வீடுகள். நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் என்பதால் வாசல்தோறும் மூடியில்லாத நீல டிரம். செல்வி துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி ஆபீஸா சார்?”

செய்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கையிலிருந்த புடவையைப் பிழிந்து முடித்தார்.

“மருந்தடிக்க வாங்கன்னு எங்க வூட்டுக்காரரே காய்ச்சலோட ரெண்டு வாட்டி போய்ச் சொன்னாரு. உங்க சந்துல கேஸே இல்லன்னாங்க. கேஸு எங்க வூட்டுல படுத்துக்கெடந்துச்சு.”

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு ஸ்டூலைத் தள்ளினார். “குந்துங்க தாத்தா. வெயில்ல நீங்க வேற வுழுந்து வெக்காதீங்க.”

ஒரு மணி வரை வாசல் வாசலாக நின்று, காய்ச்சல் வந்த பதினெட்டு வீடுகளின் இடத்தைக் கைப்பேசியில் பதிந்தேன். திருத்திய வரைபடத்தை அன்றே என் பழைய அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து மீண்டும் போனேன். மருந்து அடித்திருந்தார்கள். திறந்த டிரம்களுக்காக வீட்டு உரிமையாளருக்கு நோட்டீசும் கொடுத்திருந்தார்கள். அவர் மூடி வாங்கித் தரவில்லை. நோட்டீசில் இருந்த, நான் குறித்த வீடுகளில் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பதினொன்று பூட்டிக் கிடந்தன, செல்வியின் வீடும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் எண் வாங்கி அழைத்தேன். செல்வி ஊருக்கு வெளியே சந்தாபுராவில் இருந்தார். இப்போது வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்றார். டிரம்முக்கு மூடியாவது வாங்கி வருகிறேன், முகவரி சொல்லும்மா என்று கேட்டேன்.

“வேணாம் சார். அட்ரஸ் குடுத்தா இங்கயும் புள்ளி வெச்சிடுவீங்க.”