ஞாயிற்றுக்கிழமை ஓடிய போட்

செவ்வாய்க்கிழமையிலிருந்து தம்பி வேலை பார்க்கும் சரக்குக் கப்பலோடு பேச்சில்லை. எங்களுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை, பொறுங்கள் என்றார்கள் கம்பெனியில். அம்மா நம்பியது என் போனைத்தான்.

போனில் ஒரு பிளாக்செயின் விளையாட்டு. ஆளுக்கொரு மீன்பிடி போட், ஒரு துறைமுகம், ஒரு கடல். முதலில், மீன் பிடித்தால் காசாக மாற்றிக்கொள்ள டோக்கன் கிடைத்தது. அதன் விலை செத்ததும் கூட்டம் கலைந்தது. ஆளில்லாத போட்டுகள் மட்டும் வரிசை வரிசையாக, ஒரே அசைவில் ஆடிக்கொண்டே நின்றன. நானும் தம்பியும் விட்டுப் போகவில்லை. அங்கே போன ஒவ்வொரு ஓட்டமும் பதியும். விளையாட்டை நடத்துகிறவனாலும் அழிக்க முடியாது. அது ஒரு பிடிப்பு. இன்னொன்று, தம்பி எந்தக் கடலில் இருந்தாலும் எங்கள் மதியச் சாப்பாட்டு வேளைக்குப் போட்டை எடுப்பான். நான் பின்னாலேயே எடுப்பேன். பேசிக்கொள்ள மாட்டோம்.

"ஏலே, தம்பி போட்டு ஓடுதா?"

"ஓடுதும்மா."

"அப்பம் நல்லாத்தான் இருக்கான். நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க?"

அதன் பிறகே அம்மா சோற்றில் கை வைப்பாள்.

ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, வெயில் வெள்ளையாய் நிற்கும் வாசலில் போனைத் திறந்தேன். தம்பியின் போட் நடுக்கடலில் இருந்தது. எங்கள் கரையில் ஞாயிறு வலை நனையாது. விளையாட்டிலும் நாங்கள் மீறியதில்லை. பழைய பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரு ஞாயிறுகூட இல்லை. அப்படியானால் ஓட்டுவது யார்?

உள்ளே போனேன். அடுக்களையில் தம்பி மனைவி நின்றிருந்தாள்; கல்யாணமாகி நாலு மாதம், ஸ்ரீவைகுண்டத்துப் பெண். அவள் கையில் அவள் போன். அவள் விரல் நகர்ந்தது. என் திரையில் போட் திரும்பியது.

"நீதானா?"

"போட்டத் தெறக்குற சாவி வார்த்தையெல்லாம் எழுதித் தந்துட்டுத்தான் போனாக, அத்தான். புதங்கிழம போட்டு சும்மா கெடந்துச்சு. பாக்கப் பொறுக்கல." என் முகத்தைப் பார்த்தாள். "இன்னைக்குப் போகப்படாதா? எங்கூர்ல ஞாயித்துக்கிழமயும் வயலுக்குத் தண்ணி பாயுமே."

நாலு நாளாக நான் பின்னால் போனது இவளுக்கு. தம்பியைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

முன்னறையிலிருந்து அம்மா கேட்டாள்: "ஏலே, இன்னைக்குக் கட்டிப் போட்டுருப்பான், என்ன?"



"கட்டித்தாம்மா கெடக்கு."

தம்பி மனைவி போட்டைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினாள். ஓட்டம் பதிந்துவிட்டது, இனி அழியாது.

திங்கள் மதியம், அந்த ஆளில்லாத வரிசையிலிருந்து தம்பியின் போட் கிளம்பியது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் என் போட்டை அதன் பின்னால் எடுத்தேன்.

"ஓடுதா?"

"ஓடுதும்மா."

அம்மா சோற்றைப் பிசைந்தாள்.