மீன் காட்டிய பெட்டி

போன மாதம் கராஜை ஒதுக்கியபோது பழைய டயர்களுக்குப் பின்னால் அந்த மஞ்சள் பெட்டி அகப்பட்டது. ஒரு கைப்பிடி, உள்ளங்கையளவு திரை, நீளமான வயர், வயர் நுனியில் தண்ணீருக்குள் இறக்கும் குமிழ். குமிழ் அனுப்பும் ஒலி அடியில் பட்டுத் திரும்பும். இடையில் எதிர்ப்பட்டதெல்லாம் திரையில் மீன் படமாக வந்து 'பீப்' என்று கத்தும். அத்தான் செத்த வீட்டு ஈரம் இன்னும் காயவில்லை. பெட்டியைக் கண்டதும் அழுகை வந்திருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். எனக்கு வந்தது எரிச்சல்.

அத்தான் என் அக்காவின் கணவர். நோர்வேயின் வடக்குக் கரையில் மீன் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் வேலை செய்தவர். அங்கே லீவு நாட்களில் கூட்டாளிகளோடு உறைந்த ஏரிக்குப் போய், ஐஸில் துளை போட்டுக் குமிழை இறக்கி, மீன் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூண்டில் விடுவார்களாம். மகள் இங்கிலீஷில் படிக்கவேண்டும் என்று அக்கா பிடித்த பிடியில், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வட லண்டனில் உள்ள எட்மண்டனுக்குக் குடிவந்தார்கள். அத்தானுக்கு லண்டன் ஒட்டவேயில்லை. தேத்தண்ணி ஆறிப்போனாலும் "நான் திரும்பிப் போறன்" என்பார். "இந்த மனுசன் போனா நான் பிள்ளையோட தனிச்சுப் போவன். ஞாயிறில எங்கயாவது கூட்டிக்கொண்டு போடா" என்று அக்கா என்னிடம் அழுதார்.

கிழமையில் ஆறு நாள் கடையில் கால்கடுக்க நிற்பவன் நான். ஏழாம் நாள் நான் இருக்கும் நோர்பரியிலிருந்து லண்டனைக் குறுக்கறுத்து எட்மண்டனுக்கு ஓடி, அத்தானையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குப் போய், வாடகைப் படகில் துடுப்பு வலிப்பேன். குமிழ் இறங்கியதும் பீப், பீப். பாசிக்கும் பீப், பிளாஸ்டிக் பைக்கும் பீப். "மச்சான், கொஞ்சம் இடப்பக்கம் வலியும். கீழ நிக்குது." வலிப்பேன். தூண்டில் அசையாது. ஒரு குளிர்காலத்தில் பார்க் குளம் மேலாக உறைந்திருந்ததைக் கண்டு, தடுக்கத் தடுக்கக் காலை வைத்தார். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. "இதெல்லாம் ஒரு ஐஸோ? அங்க ஐஸுக்கு மேல கார் ஓடும்!" என்று வீடு வந்து சேரும்வரை லண்டனைத் திட்டினார். ஈரச் சப்பாத்து மணத்தோடு கார் ஓட்டியவன் நான்.

பெட்டியின் எழுத்தெல்லாம் நோர்வே மொழியில். ஐஸுக்கு ஒரு அமைப்பு, படகுக்கு வேறொன்று என்பார். எனக்கு ஒன்றும் விளங்காது. "இங்கிலீஷுக்கு மாத்துங்கோ அத்தான், நானும் பாக்கலாம்" என்று கேட்டுக் களைத்தேன். "அது அங்கத்தைச் சாமான். நானும் அதுவும் திரும்பிப் போற ஆக்கள். என்னத்துக்கு மாத்துவான்?"

பிடித்த மீனைத் திரும்ப விடவேண்டும் என்று கரையில் பலகை வைத்திருந்தார்கள். வாசித்துச் சொன்னேன். "திருப்பி விடுறதுக்கு ஆராவது மீன் பிடிப்பானோ? உமக்கு இங்கிலீஷ் காணாது" என்று சிரித்தார். அக்காவும் அவரை நம்பி வாராவாரம் புளி ஊறவைத்தார்.

கடைசியில் ஒருநாள் திரையில் மீன் வந்தது, தூண்டிலும் வளைந்தது. முழங்கை நீளக் கெண்டை. லண்டனுக்கு வந்தபின் அத்தான் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு கரைக்கு வந்தால், காவலாளி பலகையைக் காட்டினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அத்தான் குந்தியிருந்து, மீனைத் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் பிடித்து, அது தானாக வாலை அடிக்கும்வரை வைத்திருந்து, பிறகு விட்டார்.

திரும்பும் வழியெல்லாம் டிராபிக். அத்தான் பெட்டியை மடியில் வைத்துப் பட்டனை அமத்திக்கொண்டே வந்தார். பீப், பீப், பீப். "அதை நிப்பாட்டுங்கோவன் அத்தான்!" என்று கத்தினேன். இன்னும் இரண்டு தரம் அமத்திவிட்டுத்தான் நிறுத்தினார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "இது உம்மட்டையே கிடக்கட்டும்" என்று பெட்டியை என் கையில் தந்தார்.

சாமானைப் பங்குபோடத் தொடங்கிவிட்டார், இனிப் போய்விடுவார் என்றே நானும் அக்காவும் நினைத்தோம். அக்கா அவருடைய பாஸ்போர்ட்டை அரிசி வாளிக்குள் ஒளித்தார். போன் அடித்தாலே கடையில் நிற்கும் ஆட்களை விட்டுவிட்டு ஓடுவேன். மாதக்கணக்கில் இந்தப் பாடு. ஆனால் அவர் போகவில்லை. பஸ் ஓட்டப் பழகினார், வேலை எடுத்தார், "போறன்" என்ற சொல்லும் எப்போதோ நின்றுபோனது. ஏன் என்று கேட்கப் பயம். வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறிவிட்டால் என்ன செய்வது?

கராஜில் நின்றபடியே பெட்டிக்குப் புதுப் பற்றரி போட்டுப் பார்த்தேன். திரை வெளிச்சமானது. எழுத்தெல்லாம் இங்கிலீஷில் இருந்தது.

அன்றைக்குப் பிறகு அதை ஒருவரும் தொடவில்லை. அப்படியென்றால் அந்தக் காரில், நான் கத்தக் கத்த, எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே மனுசன் முடிவெடுத்திருக்கிறார். ஒரு சொல் சொல்லியிருந்தால் அக்கா நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பாரே! இப்போது யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது? குமிழ் காய்ந்த தரையில் கிடந்தது. ஆனாலும் திரையில் ஒரு மீன் வந்து பீப் என்றது. பிறகு இன்னொன்று. நான் நிப்பாட்டவில்லை.